பறவை எண் 47

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகளிடமிருந்து போன் வந்தது. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். குரல் கம்மியிருந்தது.

"அத்தை, என் பறவை லிஸ்ட் போச்சு."

பறவை பார்ப்பது அவளுக்கு உயிர். விடிந்ததும் குளக்கரைக்குப் போய்விடுவாள். எந்தப் பறவை, எந்த இடம், எத்தனை மணி, எத்தனை இருந்தன என்று மூன்று வருஷமாக வீட்டுக் கணினியில் பதிந்து வைத்திருந்தாள். அந்தப் பட்டியலில் 19 பறவைகளின் பெயர்களைக் காணோம். அவள் எதையும் அழிக்கவில்லை. வைரஸும் வரவில்லை. கெட்டுப்போன கோப்பைச் சரிசெய்வதற்கென்றே எழுதப்பட்ட ஒரு மீட்புக் கருவி, சரிசெய்கிறேன் என்று இறங்கி இருந்ததையும் தொலைத்துவிட்டது.

எப்படி என்று கண்டுபிடிக்க எங்கள் இருவருக்கும் ஒரு வாரம் ஆனது. கண்டுபிடித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். ஏனென்றால் உங்கள் வீட்டுப் போனுக்குள்ளும் இதே மாதிரிக் கோப்புகள் இருக்கின்றன.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளி நூலகப் பதிவேடு மாதிரி தடிமனான நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் வரிவரியாகப் பறவைகளின் பெயர்கள். ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. நடுவில் இருக்கும் செம்போத்தைப் பற்றி இன்னும் நாலு வரி சேர்க்க வேண்டும். என்ன செய்வீர்கள்? பாதி வரிகளை ஒரு புதுப் பக்கத்துக்கு மாற்றுவீர்கள். பழைய பக்கத்தை ரப்பரால் அழித்து, மேல் பாதியை மட்டும் திருத்தி எழுதுவீர்கள். பிறகு கீழ்ப் பாதியைப் புதுப் பக்கத்தில் எழுதப் போவீர்கள்.

சரியாக அந்த நேரத்தில் மின்சாரம் போய்விடுகிறது. கணினிக்கு மின்சாரம் போனால் கையிலிருந்த பென்சில் மட்டுமா போகும்? மனசில் வைத்திருந்ததும் போய்விடும். கீழ்ப் பாதி வரிகள் பழைய பக்கத்திலும் இல்லை, புதுப் பக்கத்திலும் இல்லை.

இந்த ஆபத்தைக் கணினிக்காரர்கள் எப்போதோ யோசித்துவிட்டார்கள். அவர்கள் வைத்த வழக்கம் இது: எந்தப் பக்கத்தைத் திருத்துவதாக இருந்தாலும், தொடுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை அப்படியே ஒரு துண்டுச் சீட்டில் நகல் எடு. சீட்டை நோட்டுக்குப் பக்கத்தில் வை. அப்புறம் திருத்து. எல்லாம் முடிந்த பிறகு சீட்டைக் கிழித்துப் போடு.

இப்போது காலையில் வந்து பார்க்கிறீர்கள். நோட்டுக்குப் பக்கத்தில் சீட்டு இல்லையென்றால் நேற்றைய வேலை முழுசாக முடிந்தது என்று அர்த்தம். சீட்டு இருந்தால் வேலை பாதியில் நின்றிருக்கிறது. கவலையில்லை. சீட்டில் இருப்பதைப் பார்த்து அந்தப் பக்கத்தைப் பழையபடி எழுதிவிட்டு, சீட்டைக் கிழித்துப் போடலாம். நேற்று சேர்க்க நினைத்த நாலு வரி போகும். ஆனால் இருந்தது ஒன்றும் போகாது.

எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள் இப்படித்தான் வேலை செய்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹிப் 2000-ஆம் ஆண்டில் அதை எழுதினார். போர்க்கப்பலில் சேதம் ஏற்பட்டால் சமாளிக்க உதவும் ஒரு மென்பொருளுக்காக வேலை செய்துகொண்டிருந்தபோது அவருக்கு அந்த யோசனை வந்தது. இன்று ஆண்ட்ராய்டு போன்களில் தொடர்பு எண்கள், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் உலாவிகளில் நீங்கள் பார்த்த பக்கங்களின் வரலாறு, வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் எஸ்கியூலைட் கோப்புகளில்தான் இருக்கின்றன. முழுத் தரவுத்தளமும் ஒரே ஒரு கோப்பு. அந்தக் கோப்பு, நோட்டு மாதிரியே பக்கங்களாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கம் பெரும்பாலும் 4096 பைட். ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு 3 பைட் வேண்டும் என்பதால், அண்ணன் மகள் மாதிரித் தமிழில் குறிப்பு எழுதுகிறவர்களுக்குப் பக்கம் சீக்கிரமே நிரம்பிவிடும்! துண்டுச் சீட்டுக்கு ஜர்னல் கோப்பு என்று பெயர். நோட்டின் பெயர் என்னவோ அதே பெயருடன், கடைசியில் 'ஜர்னல்' என்ற வால் ஒட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருக்கும்.

அண்ணன் மகளின் பறவைச் செயலியும் பட்டியலை எஸ்கியூலைட் கோப்பில்தான் வைத்திருந்தது. அவள் போன் செய்வதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை மாலை நடந்தது இதுதான். அவள் செம்போத்தைப் பற்றிய குறிப்பை நீட்டி எழுதிச் சேமித்தாள். அந்த நொடியில் மின்சாரம் போனது. பழைய பக்கம் பாதியாகிவிட்டது, புதுப் பக்கம் எழுதப்படவில்லை, சீட்டு பத்திரமாக இருந்தது. மறுநாள் அவள் செயலியைத் திறந்திருந்தாலே போதும். எஸ்கியூலைட் சீட்டைப் பார்த்து, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் பக்கத்தைப் பழையபடி ஆக்கியிருக்கும்.

ஆனால் நடுவில் நான் புகுந்தேன்.

சனிக்கிழமை காலை நான் அங்கேதான் இருந்தேன். மின்சாரம் போய்ப் போய் வருகிறதே, மூன்று வருஷ உழைப்பாயிற்றே என்று, அந்தக் கோப்பை மட்டும் 'படிக்க மட்டும்' என்று மாற்றி வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டேன். யாரும் எழுதாமல் இருந்தால் கெடாது என்பது என் கணக்கு. பக்கத்தில் ஒரு சீட்டு காத்திருப்பதை நான் கவனிக்கவில்லை.

இப்போது நோட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து படிக்கலாம், எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவள் செயலியைத் திறக்கிறாள். எஸ்கியூலைட் வந்து பார்க்கிறது. சீட்டு இருக்கிறது. அப்படியானால் உள்ளே இருக்கும் பக்கம் அரைகுறை. சரிசெய்யலாம் என்றால் கண்ணாடி மூடியிருக்கிறது. சரிசெய்யாமல் அப்படியே படித்துக் காட்டினால் தப்பான பட்டியலைச் சரியான பட்டியல் என்று சொன்னதாகிவிடும். அதனால் எஸ்கியூலைட் படிக்கவே மறுத்துவிட்டது.

படிப்பதற்கு எதற்கு எழுதும் அனுமதி? இந்தக் கேள்வியை அவளும் கேட்டாள். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். பாதியில் நின்ற ஒன்றை ஒழுங்காகப் படிக்க வேண்டுமென்றால் முதலில் அதை முடித்து வைக்க வேண்டும், அல்லது பழையபடி ஆக்க வேண்டும். அதற்கு எழுத வேண்டியிருக்கிறது. தரவுத்தளத்தில் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். லினக்ஸ் கணினியில் ஹார்ட் டிஸ்குக்கே இப்படி ஒரு ஜர்னல் உண்டு. பாதியில் மின்சாரம் போன டிஸ்கை, 'படிக்க மட்டும்' என்று சொல்லியே இணைத்தாலும், ஜர்னலில் மிச்சமிருக்கும் வேலையை லினக்ஸ் முடித்துவிட்டுத்தான் காட்டும். அதாவது டிஸ்கில் எழுதிவிடும்! அதையும் செய்யாதே என்று தனியாக ஒரு கட்டளை கொடுத்தால்தான் கையைக் கட்டிக்கொண்டிருக்கும்.

எஸ்கியூலைட் வெறுமனே மறுக்கவில்லை, காரணத்தையும் சொன்னது. 'படிக்க மட்டும்' தொடர்பான பிழைக்கு அதனிடம் 8 என்று பொதுவான எண் உண்டு. ஆனால் 'சீட்டு காத்திருக்கிறது, நோட்டு பூட்டியிருக்கிறது' என்ற இந்த நிலைமைக்கென்றே 776 என்று தனி எண் வைத்திருக்கிறார்கள். பறவைச் செயலியை எழுதியவர் அந்த எண்ணைக் கவனிக்கவில்லை. திரையில் வந்தது 'கோப்பைத் திறக்க முடியவில்லை' என்ற ஒரு வரிதான். அந்த வரியைப் பார்த்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு மட்டுமல்ல, யாருக்குமே கோப்பு கெட்டுவிட்டது என்றுதான் தோன்றும். அவளும் அப்படி நினைத்து, இலவசமாகக் கிடைத்த ஒரு மீட்புக் கருவியை இறக்கி, 'சரிசெய்' என்ற பொத்தானை அழுத்தினாள். சில நொடியில் 'வெற்றி' என்று பச்சை எழுத்தில் வந்தது.

அடுத்த வாரம் நான் போனபோது, அந்தக் கருவி தன் வேலையைப் பற்றி எழுதி வைத்திருந்த குறிப்புக் கோப்பைத் தேடி எடுத்தோம். மூன்றே வரி. 'படிக்க மட்டும்' அடையாளம் நீக்கப்பட்டது. தற்காலிகக் கோப்பு அழிக்கப்பட்டது. தரவுத்தளம் மறுபடி கட்டப்பட்டது.

அந்தத் தற்காலிகக் கோப்பு எது தெரியுமா? துண்டுச் சீட்டுதான். 19 பறவைகளின் பெயர்களும் இருந்த ஒரே இடம். அதைக் குப்பை என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிட்டு, பாதியாக இருந்த பக்கத்தை முழுப் பக்கம் என்று நம்பி, நோட்டைப் புதிதாக எழுதி, பழைய நோட்டின் மேலேயே வைத்துவிட்டது.

"பூட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடி அது என்னைக் கேட்டிருக்கணும்ல, அத்தை?" என்றாள்.

கேட்டிருக்க வேண்டும். அவள் சொன்னதைவிடத் தெளிவாக எனக்கும் சொல்ல வராது.

'படிக்க மட்டும்' என்பது எப்படிப்பட்ட பூட்டு என்று கொஞ்சம் பார்ப்போம். உங்கள் தாத்தா பாட்டியிடம் பழைய ஆடியோ கேசட் இருந்தால் வாங்கிப் பாருங்கள். முதுகுப் பக்கத்தில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தக்கைகள் இருக்கும். பிடித்த பாட்டின் மேல் யாரும் தெரியாமல் பதிவு செய்துவிடக் கூடாது என்றால் அந்தத் தக்கையை உடைத்துவிடுவார்கள். பிறகு மனசு மாறினால் அந்த ஓட்டையின் மேல் செல்லோ டேப் ஒட்டிப் பதிவு செய்வார்கள். கேமராவில் போடும் எஸ்டி கார்டிலும் பக்கவாட்டில் ஒரு குட்டித் தள்ளுவிசை இருக்கும். அதைக் கீழே தள்ளினால் கார்டில் எழுத முடியாது. ஆனால் அந்த விசைக்கும் கார்டுக்குள் இருக்கும் மின்சுற்றுக்கும் எந்த இணைப்பும் கிடையாது. கார்டைச் செருகும் பொந்தில் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச், விசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தொட்டுப் பார்த்துச் சொல்கிறது, அவ்வளவுதான். எழுதக் கூடாது என்று மதித்து நிற்க வேண்டியது கணினிதான்.

லினக்ஸ் கணினி கிடைத்தால் ஒரு சோதனை செய்யுங்கள். தேவையில்லாத ஓர் உரைக் கோப்பை உருவாக்கி, அனுமதிகளில் 'படிக்க மட்டும்' என்று வையுங்கள். அதில் எழுதிச் சேமித்துப் பாருங்கள். முடியாது. இப்போது அதைக் குப்பைத் தொட்டிக்கு இழுத்துப் போடுங்கள். போய்விடும்! கோப்பை அழிக்கலாமா கூடாதா என்பதைக் கோப்பின் அனுமதி தீர்மானிப்பதில்லை. அது இருக்கும் கோப்புறையின் அனுமதி தீர்மானிக்கிறது. நோட்டில் எழுதக் கூடாது, ஆனால் அலமாரியிலிருந்து நோட்டையே எடுத்து எறியலாம் என்பது மாதிரி. கணினியின் நிர்வாகி அனுமதியோடு ஓடும் ஒரு நிரல் இந்த அடையாளங்களையெல்லாம் தாண்டிப் போய்விட முடியும்.

ஆகவே இது இரும்புப் பூட்டு இல்லை. 'இதைத் தொடாதே' என்று யாரோ எழுதி ஒட்டிய சீட்டு. அந்த யாரோ யார் என்பதுதான் மீட்புக் கருவி முதலில் கேட்க வேண்டிய கேள்வி. என்னைப் போல வீட்டில் இருக்கும் ஒருவர் வேண்டுமென்றே ஒட்டியிருக்கலாம். வேறொருவருடைய கோப்பாக இருக்கலாம். எழுதவே முடியாத சிடியில் இருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் பயப்பட வேண்டியது. ஹார்ட் டிஸ்கில் கோளாறு தெரிந்தால், மேலும் கெடாமல் இருக்க லினக்ஸ் தானாகவே அந்த டிஸ்கை 'படிக்க மட்டும்' நிலைக்கு மாற்றும்படி அமைத்து வைப்பதுண்டு. சில மெமரி கார்டுகளும் ஆயுள் முடியும்போது அப்படி ஆகிவிடும். சாகப் போகும் டிஸ்கில் போய்ப் பூட்டை உடைத்து எழுத ஆரம்பித்தால் மிச்சமும் போய்விடும்.

அப்படியானால் நல்ல கருவி என்னதான் செய்யும்? கண்ணாடிப் பெட்டிக்குத் திரும்பிப் போவோம். கண்ணாடியை உடைக்க வேண்டாம். சீட்டைத் தூக்கிப் போடவும் வேண்டாம். நோட்டின் பக்கங்களையும் சீட்டையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வேறொரு மேஜைக்குப் போய், ஜெராக்ஸில் திருத்தினால் யாருக்கு என்ன நஷ்டம்? பூட்டு அப்படியே இருக்கும். நகலில் தப்பு செய்தால் இன்னொரு நகல் எடுக்கலாம்.

இதைக் கணினியில் செய்யும்போது சில இடங்களில் கவனம் வேண்டும். கோப்பை மட்டும் நகல் எடுத்து ஜர்னலை விட்டுவிட்டால், பாதிப் பக்கம்தான் கையில் வரும். நகலுக்கு வேறு பெயர் வைத்தால் சீட்டுக்கும் அதே பெயரோடு வால் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் இந்த நோட்டுக்கான சீட்டு இதுதான் என்று எஸ்கியூலைட்டுக்குத் தெரியாது. 2010-இல் எஸ்கியூலைட்டில் இன்னொரு முறையும் வந்தது. அதில் பழைய பக்கத்தைத் தொடாமல் புதிதாக எழுதுவதைச் சீட்டில் எழுதி, பிறகு நோட்டில் சேர்ப்பார்கள். அங்கே சீட்டின் வால் வேறு. கருவி இரண்டு வாலையும் தேடிப் பார்க்க வேண்டும்.

நகலை எங்கே வைப்பது? வேறு டிஸ்கில், குறைந்தது ஒரு பென் டிரைவில். இதை எழுதும்போது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால், அழித்த கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை. சாதாரண ஹார்ட் டிஸ்கில், அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்வார்களே தவிர, எழுத்துகள் அங்கேயே கிடக்கும், வேறு எதையாவது அதன்மேல் எழுதும் வரை. அழிந்த துண்டுச் சீட்டைத் தேடிப் பார்த்தோம். ஃபோட்டோரெக் என்ற மென்பொருள் இந்த மாதிரித் தேடலுக்குப் பேர்போனது. அது தேடும் டிஸ்கில் எதையும் எழுதாமல் படிக்க மட்டுமே செய்யும், கண்டெடுத்ததை வேறு டிஸ்கில் வைக்கச் சொல்லும். எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த இலவசக் கருவி தன் புதுக் கோப்புகளை அதே டிஸ்கில் எழுதியிருந்தது.

அசல் மாறவில்லை என்று எப்படி நிச்சயம் செய்வது? அதற்கும் வழி இருக்கிறது. எஸ்ஹெச்ஏ-256 என்று ஒரு கணக்கு உண்டு. எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் அது 64 குறிகள் கொண்ட ஒரு விரல்ரேகையைத் தரும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ரேகை முழுக்க மாறிவிடும். வேலைக்கு முன் ஒரு ரேகை, பின் ஒரு ரேகை எடுத்து இரண்டும் ஒன்றாக இருந்தால் அசலை யாரும் தொடவில்லை. குற்றவாளியின் கணினியை ஆராயும் தடயவியல் நிபுணர்கள் இதை ஒருபோதும் விடுவதில்லை. டிஸ்குக்கும் கணினிக்கும் நடுவில், எழுதும் கட்டளைகளை மட்டும் தடுத்து நிறுத்தும் ஒரு சிறு பெட்டியையும் அவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

அவளுடைய தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டான். "சரிபண்ணிக்கிட்டு இருக்கும்போதே திரும்பவும் கரண்ட் போச்சுன்னா?"

எஸ்கியூலைட்டில் பயமில்லை. சீட்டைக் கிழிப்பதுதான் கடைசி வேலை. நடுவில் மின்சாரம் போனால் சீட்டு இன்னும் இருக்கும், முதலிலிருந்து செய்யலாம். பழைய பக்கத்தை ஒரு தடவை எழுதினாலும் பத்துத் தடவை எழுதினாலும் பழைய பக்கம்தானே! வங்கிகளில் இருப்பது மாதிரிப் பெரிய தரவுத்தளங்களில் இது இத்தனை சுலபமில்லை. அங்கே ஒரே நொடியில் பல பேர் எழுதிக்கொண்டிருப்பார்கள். அதற்கு ஏரிஸ் என்று ஒரு முறை உண்டு. அதை விளக்கும் கட்டுரை 1992-இல் வெளிவந்தது. எழுதிய ஐந்து பேரில் முதல் பெயர் சி. மோகன். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை செய்தவர். சரிசெய்யும்போது எதையெல்லாம் பழையபடி மாற்றினோம் என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போவது அந்த முறையின் அழகு. நடுவில் நின்றுபோனாலும் எதுவரை வந்தோம் என்பது தெரியும், செய்ததையே மறுபடி மாற்றிக் குழப்ப வேண்டியதில்லை.

அவளுடைய பட்டியலுக்கு வருவோம். கெட்ட கோப்பை நகல் எடுத்து, எஸ்கியூலைட்டுடன் வரும் மீட்புக் கட்டளையை அந்த நகலில் ஓட்டினோம். 2019-இல் சேர்க்கப்பட்ட கட்டளை அது. கோப்பைப் பக்கம் பக்கமாகத் துழாவி, கிடைத்ததையெல்லாம் வைத்துப் புதிதாக ஒரு தரவுத்தளம் கட்ட வழி செய்யும். எந்த அட்டவணையைச் சேர்ந்தது என்று தெரியாத வரிகள் வந்தால் எறிந்துவிடாமல், 'தொலைந்து கிடைத்தவை' என்ற பெயரில் தனியாக ஓர் அட்டவணையில் போட்டு வைக்கும். பள்ளி அலுவலகத்தில் தொலைந்த தண்ணீர் பாட்டில்களை ஒரு பெட்டியில் போட்டு வைப்பார்களே, அதுபோல. 19 பெயர்கள் அதிலும் இல்லை. ஆனால் பார்த்த நாள், நேரம், இடம் எல்லாம் வேறு பக்கங்களில் இருந்ததால் பத்திரமாக இருந்தன. அங்கே பறவையின் பெயருக்குப் பதிலாக எண் மட்டும் இருந்தது.

இரண்டு நாள் அவளும் தம்பியும் தரையில் உட்கார்ந்து, அவளுடைய பழைய பாக்கெட் நோட்டுகளை விரித்து, தேதியை வைத்து ஒவ்வோர் எண்ணும் எந்தப் பறவை என்று கண்டுபிடித்தார்கள். 31 கொண்டலாத்தி. 38 செம்போத்து. 40 ஊதாத் தேன்சிட்டு. இப்படி 18 கிடைத்துவிட்டன.

எண் 47 மட்டும் கிடைக்கவில்லை. குளத்தின் வடகரை, காலை 6.40, இரண்டு. அன்றைக்கு அவள் பாக்கெட் நோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். முக்குளிப்பான் என்கிறான் தம்பி. இல்லை, தாழைக்கோழி, மூக்கு சிவப்பாக இருந்தது ஞாபகம் இருக்கிறது என்கிறாள் அவள். இன்னும் முடிவாகவில்லை. புதுப் பட்டியலில் அந்த இடத்தை நிரப்பாமல் '47' என்றே விட்டு வைத்திருக்கிறாள்.